மொட்டை மாடியில் காற்றுக் குழாய், அறைக்குள் மழை: வாசகர் கேள்வி – பதில்

கோடை மழை தொடங்கியதும் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களின் போக்கு மாறிவிடுகிறது. இம்முறை வந்தவற்றில் பல கடிதங்கள் ஒரே இடத்தைச் சுட்டுகின்றன: கழிவறையிலிருந்து கிளம்பி மொட்டை மாடியைத் துளைத்துக்கொண்டு மேலே நிற்கும் குழாய், பிளம்பர்கள் வென்ட் பைப் என்று சொல்லும் காற்றுக் குழாய். ஆகவே இந்த இதழில் அதைப் பற்றிய கேள்விகளுக்கு மட்டும் விடையளிக்கிறேன்.

கேள்வி: எங்கள் வீடு கட்டி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. மேல்மாடிக் குளியலறையில் காற்றுக் குழாய் தளத்தைத் துளைத்துச் செல்லும் இடத்தைச் சுற்றி ஒவ்வொரு மழைக்கும் ஈரம் படர்கிறது. மூன்று முறை மேஸ்திரியை அழைத்து, மாடியில் குழாயின் அடியைச் சுற்றிச் சிமெண்ட் கலவை வைத்துப் பூசிவிட்டோம். ஒவ்வொரு முறையும் ஒரு மழைக்காலம் தாங்குகிறது. அடுத்த கோடை கழிந்ததும் மீண்டும் ஒழுகுகிறது. குறை கலவையிலா, மேஸ்திரியிடமா?
– வாசகி, அல்சூர்

பதில்: ஒரு மழைக்காலம் தாங்கி ஒரு கோடை கழிந்ததும் ஒழுகுகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதிலேயே விடை இருக்கிறது. உங்கள் பூச்சை உடைத்தது மழையன்று, வெயில். பி.வி.சி. குழாய் சூட்டில் நீள்வது கான்கிரீட் நீள்வதைப் போல ஐந்தாறு மடங்கு. மூன்று மீட்டர் நீளமுள்ள குழாய், விடியற்காலைக் குளிருக்கும் பிற்பகல் வெயிலுக்கும் இடையே 30 டிகிரி வேறுபாட்டைச் சந்தித்தால் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் நீண்டு, இரவில் மீண்டும் சுருங்கும். மார்ச், ஏப்ரல் மாதங்களில் நம் பெங்களூருவில் பகல் கொதிப்பதும் இரவு குளிர்வதும் உங்களுக்குத் தெரிந்ததே. போதாக்குறைக்கு, வழுவழுப்பான பி.வி.சி.யைச் சிமெண்ட் ஒருபோதும் பற்றிக்கொள்வதில்லை; அதன்மேல் சாய்ந்து நிற்கிறது, அவ்வளவே. எனவே சில மாதங்களிலேயே குழாய்க்கும் பூச்சுக்கும் நடுவில் மயிரிழை அளவு இடைவெளி விழுகிறது. அகலமான ஓட்டையைவிட இந்த மயிரிழை இடைவெளி கெட்டது, ஏனென்றால் விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல் அது நீரைத் தானே இழுத்துக்கொள்ளும்.

இன்னொன்றையும் கேட்க வேண்டும்: அந்தக் குழாயில் துணி உலர்த்தும் கொடிக் கயிறு கட்டியிருக்கிறீர்களா? ஈரப் போர்வையின் கனம் ஒருபுறமும் காற்று மறுபுறமுமாகக் குழாயை ஆட்டினால், எந்தப் பூச்சும் அடியில் நிற்காது. நான் பார்க்கப் போகும் வீடுகளில் முதலில் அவிழ்க்கச் சொல்வது கொடிக் கயிற்றைத்தான், அடுத்தது டிஷ் ஆன்டெனாவின் கம்பியை.

வேலையைத் தொடங்குவதற்கு முன் கசிவு எங்கிருந்து என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். மழையே இல்லாத நாட்களிலும் கூரையில் ஈரம் தெரிந்தால், அல்லது மேல்நிலைத் தொட்டி நிரம்பி வழியும் நேரத்தோடு அது ஒத்துப்போனால், சிக்கல் வேறு. நன்றாகக் காய்ந்த ஒரு நாளில் குழாயைச் சுற்றி ஓர் அடி தள்ளிக் களிமண்ணால் வட்டமாக வரம்பு கட்டி, அதற்குள் சொட்டு நீலம் கலந்த நீரை இரண்டு அங்குல உயரத்துக்கு நிறுத்துங்கள். குறையக் குறைய ஊற்றி ஒரு முழு நாள் வையுங்கள். கீழே கூரையில் ஈரம் தெரிந்தால் வெள்ளைத் துணியால் ஒற்றிப் பாருங்கள். நீலம் இறங்கியிருந்தால் கசிவு தளத்தின் வழியே வருகிறது. இறங்காவிட்டால் வரம்பை அகற்றிவிட்டுக் குழாயின் மேல்வாயில் ஒரு குடம் நீர் ஊற்றுங்கள்; அப்போது சொட்டினால் தளத்துக்கு அடியிலோ அதற்குள்ளோ புதைந்த இணைப்பு விட்டிருக்கிறது, அது பிளம்பரின் வேலை. மாடி முழுவதும் நீர் நிறுத்திச் சோதிக்கும் வழக்கமும் உண்டு, ஆனால் ஒரு குழாய்க்காக அது வேண்டியதில்லை. 2024 மார்ச்சில் இந்நகரின் குடிநீர் வாரியம் குடிநீரைக் கட்டட வேலைக்குப் பயன்படுத்தத் தடை விதித்து, மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்த கோடையை நாம் மறந்துவிடவில்லை.

கசிவு தளத்தின் வழியேதான் என்றால், ஜனவரி முதல் மார்ச் வரையுள்ள வறண்ட மாதங்களில் வேலையைச் செய்யுங்கள். மேஸ்திரி சட்டென்று ஒப்புக்கொள்ளாத முதல் படி இது: குழாயைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஓர் அடி அகலத்துக்கு மேல்தளத்தில் பதித்த ஓடுகளையும் அவற்றுக்கு அடியிலுள்ள செங்கல் ஜல்லிக் கலவையையும் பெயர்த்துக் கான்கிரீட் தளம் வெளியே தெரியும்வரை போக வேண்டும். ஓட்டின் விரிசல்களில் இறங்கும் நீர் ஓட்டுக்கு அடியிலேயே கான்கிரீட்டின் மேல் ஊர்ந்து குழாயை வந்தடைகிறது. நீங்கள் மூன்று முறை பூசியது அந்த ஓட்டுக்கு மேல், நீர் போனது அதற்குக் கீழ். பிறகு குழாயை ஒட்டிக் கான்கிரீட்டில் ஓர் அங்குல அகலமும் ஒன்றரை அங்குல ஆழமும் உள்ள பள்ளத்தை, கம்பியை வெட்டிவிடாமல், உளியால் எடுத்துத் தூசியை முழுமையாக நீக்க வேண்டும்.

இனிக் குழாயை என்ன செய்வது என்று முடிவெடுக்க வேண்டும். ஒன்று, அதைத் தாராளமாக நீளவும் சுருங்கவும் விட வேண்டும். அல்லது தளத்தில் இறுகப் பிடித்துக்கொண்டு, நீட்சிக்கு வேறிடத்தில் வழிவிட வேண்டும். வெறும் சிமெண்ட் பூச்சு இரண்டையும் செய்வதில்லை என்பதே உங்கள் ஒன்பது ஆண்டுக் கதை. கட்டி முடித்த வீட்டில் இறுகப் பிடிப்பதுதான் எளிது. பள்ளத்துக்குள் வரும் குழாயின் பகுதியை உப்புத்தாளால் சுரண்டி, குழாய் ஒட்டும் பசையைத் தடவி, அது காய்வதற்கு முன் உலர்ந்த மணலைத் தூவிவிட்டால் வழுவழுப்பு போய்ச் சொரசொரப்பு வந்துவிடும். அதன்பின் எந்தக் கலவையும் பற்றும். சுருங்காத கிரவுட் கலவையால் பள்ளத்தை நிரப்பி, மேலே அரை அங்குலம் மட்டும் விட்டு, அந்த அரை அங்குலத்தில் பாலியூரித்தேன் சீலன்டை, அதாவது நெகிழும் அடைப்புப் பசையை, நிரப்புங்கள். குளியலறைக் கண்ணாடி ஓரத்தில் வைக்கும் சிலிக்கான் இங்கே உதவாது, தூசி படிந்த சிமெண்டிலிருந்து தோலாக உரிந்து வந்துவிடும். தளத்துக்கு மேலே உள்ள துண்டு வானத்தை நோக்கி நீண்டுகொள்ளும், அதற்குத் தடையில்லை. கீழே உள்ள துண்டில் ரப்பர் வளையம் வைத்த இணைப்பு ஒன்றாவது இருக்கிறதா என்று பாருங்கள். எல்லா இணைப்புகளும் பசையால் ஒட்டப்பட்டவை என்றால் ஒன்றை வளைய இணைப்பாக மாற்றச் சொல்லுங்கள், இல்லையேல் அந்த நீட்சி முழுவதும் உங்கள் புதிய வேலையைக் கீழிருந்து முட்டும்.

இத்தனையும் செய்தபின்கூட என் நம்பிக்கை சீலன்டின்மேல் இல்லை; எந்தப் பசைக்கும் ஆயுள் உண்டு. நீர் அந்த இணைப்பைத் தொடவே கூடாது என்பதற்காகக் குழாயைச் சுற்றி ஆறு அங்குல உயரத்துக்குக் கான்கிரீட் மேடை ஒன்றைக் கட்டுங்கள். அதன் தலைப்பகுதி வெளிப்புறமாகச் சரிந்திருக்கட்டும். தளத்தோடு சேரும் மூலையைக் கரணையால் வளைவாக உருட்டிவிடுங்கள். மேடை காய்ந்தபின், கண்ணாடி இழை வலையை நடுவில் வைத்து நீர்த்தடுப்புப் பூச்சை இரண்டு கை அடிக்க வேண்டும்: தளத்தில் ஓர் அடி தொடங்கி, மேடையின்மேல் ஏறி, குழாயின்மேல் இரண்டு மூன்று அங்குலம்வரை. கடைசியாக, குழாயைவிட ஓர் அளவு பெரிய குழாய்த் துண்டைக் குடைபோல் குழாயின்மேல் கவிழ்த்து ஒட்டி, அது மேடையும் குழாயும் சேரும் கோட்டை மறைக்கும்படி செய்யுங்கள். ஓட்டைத் திரும்பப் பதிக்கும்போது மேடையிலிருந்து விலகி ஓடும் வாட்டம், ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது, இருக்க வேண்டும். சரிவில் வரும் நீர் நேராக மேடைமேல் மோதுகிறது என்றால், மேட்டுப் பக்கத்தில் நீரை இரண்டாகப் பிரித்துவிடும் மூக்கு ஒன்றைக் கலவையில் பிடித்துவிடலாம். ஒரு வாரம் ஈரச் சாக்கு போட்டு நனைத்த பிறகு, மீண்டும் அதே களிமண் வரம்பு, அதே சொட்டு நீலம். இம்முறை இரண்டு நாட்கள்.

இளமையில் என் சொந்த வீட்டில் நான் செய்தது இதில் எதுவுமன்று. தாரைக் காய்ச்சிக் குழாயைச் சுற்றி ஊற்றினேன். முதல் கோடையில் அது உருகி வடிகாலை நோக்கி நடந்தது, இரண்டாம் கோடையில் வெடித்தது.

கேள்வி: அடுத்த மாதம் மேல்தளத்துக்குக் கான்கிரீட் போடப் போகிறோம். பிறகு ஒழுகாமல் இருக்க இப்போதே செய்யக்கூடியது என்ன?
– வாசகர், பானஸ்வாடி

பதில்: சரியான நேரத்தில் கேட்டிருக்கிறீர்கள். முந்தைய பதிலில் உள்ள உளி வேலை எதுவும் உங்களுக்குத் தேவைப்படாது, சென்ட்ரிங் அடித்த அன்றைக்கு ஒரு மணி நேரம் பிளம்பரும் கம்பி கட்டுபவரும் ஒன்றாக மாடியில் நின்றால் போதும். காற்றுக் குழாயைவிட ஓர் அளவு பெரிய குழாய்த் துண்டை உறையாக நிறுத்தி, அதன் நடுவில் பரந்த விளிம்புள்ள வளையம், பட்டில் ஃபிளேஞ்ச் என்று கடைகளில் கேட்டால் கிடைப்பது, கான்கிரீட்டுக்குள் புதையும்படி கட்டிவிடுங்கள். உறையின் வெளிப்புறத்தை ஒட்டி நீர் இறங்கப் பார்த்தால் அந்த விளிம்பு குறுக்கே நிற்கும். உறையின் தலை, ஓடு பதித்து முடிந்தபின் உள்ள மட்டத்துக்கு மேல் ஆறு அங்குலமாவது நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். கான்கிரீட் மட்டத்துக்கு மேல் ஆறு அங்குலம் என்று அளந்துவிட்டு, பின்னால் நான்கு அங்குலம் ஓட்டுக்குள் புதைந்துபோவதைப் பல வீடுகளில் பார்க்கிறேன். உறைக்குள் செல்லும் காற்றுக் குழாய் தன் விருப்பப்படி நீண்டு சுருங்கும்; இடைவெளியை நுரைக் கயிறும் சீலன்டும் அடைக்கும்; மேலே கவிழ்த்த குடை மறைக்கும்.

இடத்தையும் யோசித்து வையுங்கள். கைப்பிடிச் சுவரை ஒட்டியோ மூலையிலோ குழாயை நிறுத்தினால், அதன் பின்புறத்தில் கரணையும் நுழையாது, கையும் நுழையாது. பூசாமல் விட்ட அந்தப் பின்புறத்தில்தான் முதல் கசிவு வரும். சுவரிலிருந்து ஓர் அடியாவது தள்ளி வையுங்கள். மழைநீர் வெளியேறும் வாயின் அருகிலும் வேண்டாம், மாடியின் நீர் முழுவதும் கூடும் பள்ளம் அது. மூன்று குளியலறைகளுக்கு மூன்று துளைகள் போடுவதைவிட, காற்றுக் குழாய்களைக் கீழேயே உரிய வாட்டத்துடன் இணைத்து ஒரே துளையில் மேலே கொண்டுவர முடியுமா என்று பிளம்பரிடம் கேளுங்கள். போடாத துளை ஒழுகுவதில்லை. குழாய் வாங்கும்போது ஐ.எஸ். 13592 என்ற இந்தியத் தர முத்திரையைப் பாருங்கள்: அதில் ஏ வகை காற்றுக்கும் மழைநீருக்கும், பி வகை மலக்கழிவுக்கும் உரியது. கழிவுக் குழாயே நேராக மேலேறிக் காற்றுக் குழாயாகவும் பயன்படும் அமைப்பு என்றால் பி வகையையே கடைசிவரை போடுங்கள்.

கேள்வி: தாத்தா காலத்து வீடு, மெட்ராஸ் டெரஸ் கூரை. வார்ப்பிரும்புக் காற்றுக் குழாயைச் சுற்றி உத்தரம் ஈரமாகிக் கறுத்திருக்கிறது. இடித்துவிட்டுக் கான்கிரீட் போடச் சொல்கிறார்கள்.
– வாசகர், காக்ஸ் டவுன்

பதில்: இடிப்பதற்கு அவசரப்படாதீர்கள். தேக்கு உத்தரங்களின்மேல் சிறு செங்கற்களைச் சாய்த்து அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து, தட்டோடு பதித்த அந்தக் கூரை, நீர் தேங்காதவரை பல தலைமுறைக்கு உழைக்கும். முதலில் கறுத்த உத்தரத்தை ஒரு கூரிய கம்பியால் குத்திப் பாருங்கள். கம்பி எளிதாக இறங்கினால் மரம் உளுத்துவிட்டது, அதற்கு முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் மேலே கை வைக்க வேண்டும், இதற்கு அனுபவமுள்ள பொறியாளர் ஒருவர் நேரில் வர வேண்டும். மரம் கெட்டியாக இருந்தால் குழாயைச் சுற்றியுள்ள சுண்ணாம்புத் தளத்தை மட்டும் மெதுவாகப் பெயர்த்து எடுங்கள். சுத்தியல் இயந்திரம் வேண்டாம், அதன் அதிர்ச்சியில் பக்கத்துச் செங்கற்கள் உதிரும்.

பழைய வார்ப்பிரும்புக் குழாய்களின் இணைப்புகளை ஈயம் காய்ச்சி அடைத்திருப்பார்கள். தளத்தின் கனத்துக்குள் அத்தகைய இணைப்பு ஒன்று சிக்கியிருந்து துருவேறியிருந்தால், மழைநீர் குழாய்க்கு உள்ளிருந்தே வெளியேறும். அந்தத் துண்டை மாற்றாமல் மேலே எதைப் பூசினாலும் பயனில்லை. பெயர்த்த இடத்தை மீண்டும் நிரப்பும்போது சுண்ணாம்பும் சுருக்கி என்னும் செங்கல் தூளும் கலந்த கலவையையே பயன்படுத்துங்கள். கடுக்காய் ஊறல் நீரும் வெல்லமும் சேர்க்கும் பழைய பக்குவம் தெரிந்த கொத்தனார் கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம். விறைப்பான சிமெண்ட் ஒட்டு, நெகிழும் சுண்ணாம்புத் தளத்தோடு சேராமல் தன் ஓரத்தைச் சுற்றிப் புதிய விரிசலை உண்டாக்கும். சுற்றுமேடையும் குடையும் உங்களுக்கும் தேவை.

கேள்வி: மாடி ஒழுகுகிறது என்று தகரக் கூரை போட்டுவிட்டோம். காற்றுக் குழாய் தகரத்தை முட்டியதால் வேலையாட்கள் அதைத் தகரத்துக்கு அடியிலேயே அறுத்துவிட்டார்கள். துளை போடாததால் ஒழுகவில்லை, ஆனால் மாடியில் நாற்றம் தாங்கவில்லை.
– வாசகி, கிருஷ்ணராஜபுரம்

பதில்: கசிவை நாற்றமாக மாற்றியிருக்கிறார்கள். கழிவுத் தொட்டியிலிருந்து வரும் வாயுவில் அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடும் தீப்பற்றக்கூடிய மீத்தேனும் இருக்கும். அதைக் கூரைக்கு அடியில் விடக் கூடாது, அங்கே துணி உலர்த்தவோ அடுப்பு வைக்கவோ செய்தால் இன்னும் தவறு. குழாயை நீட்டித் தகரத்துக்கு மேல் கொண்டுபோக வேண்டும். தகரத்தில் துளையை மேட்டில் போடச் சொல்லுங்கள், நீர் ஓடும் பள்ளத்தில் வேண்டாம். துளையின்மேல் ஈ.பி.டி.எம். ரப்பரால் ஆன கூம்பு உறையைக் குழாய் வழியாக இறக்கி, அதன் அடி விளிம்பைத் தகரத்தின் மேடு பள்ளத்துக்கு ஏற்ப வளைத்து, சீலன்ட் வைத்துத் திருகுகளால் இறுக்கிவிட்டால், குழாய் நீண்டாலும் தகரம் அசைந்தாலும் ரப்பர் ஈடுகொடுக்கும். கூம்பின் வாய் குழாயைவிடச் சற்றுச் சிறியதாக இருந்து இறுகப் பிடிக்க வேண்டும். குழாய் பெரிதாகி உறையின் விளிம்பு பள்ளத்துக்குக் குறுக்கே விழும் நிலை வந்தால், மேட்டுப் பக்கத்தில் தனித் தகடு ஒன்றை மேலே உள்ள தகரத்தின் மடிப்புக்கு அடியில் செருகி இறக்க வேண்டும். மேலிருந்து வரும் நீர் எப்போதும் மேல் தகட்டிலிருந்து கீழ்த் தகட்டின்மேல் விழ வேண்டுமே தவிர, இடுக்குக்குள் விழக் கூடாது. ஓட்டுக்கூரை வேய்பவருக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

கேள்வி: அடுக்குமாடிக் குடியிருப்பின் கடைசித் தளத்தில் இருக்கிறோம். குழாய் ஓரத்தில் ஒழுகுகிறது. "உங்கள் வீட்டுக் கூரை, நீங்களே பாருங்கள்" என்கிறது சங்கம். வீடு கைக்கு வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன.
– வாசகர், எலக்ட்ரானிக் சிட்டி

பதில்: சங்கம் சொல்வது பொருந்தாது. கர்நாடக அடுக்குமாடி உரிமைச் சட்டம், 1972, பதிவு செய்த உறுதிமொழி ஆவணத்தில் (டீட் ஆஃப் டிக்ளரேஷன்) வேறு விதமாகக் குறிப்பிட்டிருந்தாலன்றி, கூரையைப் பொதுப் பகுதிகளில் ஒன்றாகவே கொள்கிறது. மேலும், அந்தக் குழாய் உங்கள் குளியலறைக்கு மட்டுமன்று, உங்களுக்குக் கீழே வரிசையாக உள்ள எல்லா வீடுகளுக்கும் மூச்சு. உங்கள் ஆவணத்தின் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுச் சங்கத்துக்கு எழுத்து மூலம் கொடுங்கள். அதைவிட அவசரமானது மற்றொன்று: திட்டம் ரேராவில், அதாவது வீட்டுமனைத் துறை ஒழுங்குமுறை ஆணையத்தில், பதிவானதாக இருந்தால், அதற்குரிய 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் சுட்டிக்காட்டப்படும் வேலைத்தரக் குறையைக் கட்டுநர் 30 நாட்களுக்குள் கட்டணமின்றிச் சரிசெய்ய வேண்டும். உங்களுக்கு இன்னும் ஓராண்டு இருக்கிறது. தேதியுடன் கூடிய படங்களோடு இந்த வாரமே கடிதம் அனுப்புங்கள். கட்டுநரின் ஆட்கள் வந்து குழாயின் அடியில் ஒரு கை கலவையை அப்பிவிட்டுப் போக முயன்றால், முதல் பதிலில் உள்ள களிமண் வரம்புச் சோதனை முடிந்தபிறகே கையெழுத்திடுவேன் என்று சொல்லிவிடுங்கள்.

கேள்வி: இந்தத் தொல்லையே வேண்டாம் என்று குழாயைத் தள மட்டத்தில் அறுத்து, மூடி போட்டுக் கான்கிரீட்டால் அடைத்துவிட்டால் என்ன?
– வாசகர், ஸ்ரீராமபுரம்

பதில்: மாடி ஒழுகாது, மற்றதெல்லாம் கெடும். ஒவ்வொரு கழிவறைக் கோப்பையின் வளைவிலும் தரையில் நீர் வடியும் பொறியிலும் (ஃப்ளோர் டிராப்) ஏறத்தாழ இரண்டு அங்குல ஆழத்துக்கு நீர் நின்று, சாக்கடை வாயுவை வீட்டுக்குள் வரவிடாமல் தடுக்கிறது. மேலிருந்து நீர் பாயும்போது அதன் பின்னால் காற்று புக வழியில்லையென்றால், குழாய் அந்த நீரை உறிஞ்சிக்கொண்டுவிடும். களகளவென்ற ஓசை கேட்ட சிறிது நேரத்தில் நாற்றம் உள்ளே வரும். காற்றை உள்ளே மட்டும் விடும் வால்வுகள் கடைகளில் உண்டு, ஆனால் உள்ளே சேரும் அழுத்தத்தை அவை வெளியே விடுவதில்லை. கட்டடத்தில் ஒரு குழாயாவது வானத்தைப் பார்த்துத் திறந்திருக்க வேண்டும். குழாயை மூடாமல், மாடியில் நடமாடுபவரின் தலைக்கு மேல், அருகில் உள்ள ஜன்னல்களின் உச்சியைவிட உயரமாக நிறுத்துங்கள். வாயில் காகமும் சருகும் புகாத கூண்டு மூடியைப் போட்டு, கொசு வெளியேறாமல் அதற்கு அடியில் நைலான் வலைத் துண்டு ஒன்றைக் கட்டி, ஆண்டுக்கு இருமுறை கழற்றிக் கழுவுங்கள்.